ஏரா நனையாத போட்டு

என் வலது கையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உப்பாத்துமுனையில் எவனுக்கு ஆற்றில் இடம் உண்டு எவனுக்கு இல்லை என்று முப்பத்தோரு வருஷமாகச் சொன்னது இந்தக் கைதான், எனக்கு முன்னால் என் அப்பா கை சொன்னது, அதற்கும் முன்னால் அவருடைய தாய்மாமன் கை சொன்னது, அந்தக் கைகளெல்லாம் என்னென்ன சொல்லின என்று எனக்குத் தெரியாது, என் கை பொய் சொன்னது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் ஆறும் கடலும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளுகிற இடத்தில் இருக்கிறது. அந்த முகத்துவாரத்தில் பதினாலு பாடு. பாடு என்றால் மீன் பிடிக்கிற இடம். வயல்காரனுக்கு வயல் இருக்கிற மாதிரி எங்களுக்குத் தண்ணீரில் வீட்டுக்கொரு துண்டு, வரப்பு கிடையாது, எல்லை எல்லோர் மனதிலும் இருக்கும். டிசம்பரில் சவேரியார் திருநாளன்று காலைப் பூசை முடிந்ததும் பாடு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் போட்டை, படகை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம், ஆற்றில் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நான் வலது கையை மட்டும் நனையாமல் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொரு போட்டுக்கும் அடியில் அந்தக் கையை விட்டு, முன்னாலிருந்து பின்னால் வரை முதுகெலும்பு போல ஓடுகிற ஏராவைத் தடவி, கையை உயர்த்திக் காட்டி, "ஈரம்" என்று கரைக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த திருநாள் வரைக்கும் அந்தப் பாடு அந்த வீட்டுக்கு. ஏரா காய்ந்திருந்தால் பாடு பக்கத்துச் சொந்தத்துக்கு, அதாவது நெருங்கின ரத்த உறவுக்குப் போய்விடும். தண்ணீரில் நிற்கிற போட்டின் ஏரா நனைந்துதான் இருக்கும், அதற்கு ஒரு கை எதற்கு என்று கேட்பீர்கள். போட்டைக் கரையேற்றிப் போட்டுவிட்டு, தொழிலுக்கும் போகாமல், ஆற்றில் இடத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு ஒருவன் திரியக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ நியாயமாக யோசித்து வைத்த சட்டம் அது. ஈரக்கை தொம்மை என்றுதான் ஊரில் என்னைக் கூப்பிடுவார்கள். இப்போது அந்தப் பேரைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் பாடு கஸ்பாருடையது. பழைய பாலம் இடிந்து விழுந்து நாலு தூண் மட்டும் சொத்தைப் பல் மாதிரி தண்ணீருக்குள் நிற்கிற இடம். வலை விரித்தால் தூணில் மாட்டிக் கிழியும், அதனால் வலைக்காரன் எவனும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டான். ஆனால் ஏறிய தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரத்தில், அலையாத்திக் காட்டு ஓடையிலிருந்து அடித்துக்கொண்டு வருகிற பொடிமீனுக்காக, ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஒரு கொடுவா மீன், எதிர்நீருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் நிற்கிற பெரியப்பா மாதிரி அசையாமல் நிற்கும். அதற்காக கஸ்பார் பொய்மீன் செய்வான். கடையில் தொங்குகிற வர்ணம் பூசிய பிளாஸ்டிக் மீனெல்லாம் அவனுக்கு ஆகாது. தேய்ந்துபோன நீல ரப்பர் செருப்பை விரல் நீளத்துக்கு அறுத்து, பிளேடால் மீன் வாகுக்குச் சீவி, வயிற்றில் ஒரு ஈயக் குண்டைப் புதைத்து, மூன்று முள் தூண்டில் இரண்டைத் தொங்கவிட்டு, பெண்டாட்டி செலினுடைய நகப்பாலிஷை எடுத்துக் கண் வைப்பான்.

"பசிச்ச கொடுவா எறாலத் தேடிப் போயிரும் மாமா," என்பான் என்னிடம். "செருப்பக் கடிக்கதுக்குப் பசி பத்தாது, கோவம் வேணும். நம்ம எடத்துல வந்து நிக்கது எவம்லன்னு அதுக்குத் தோணணும். இழுத்துக்கிட்டே இருந்தா கடிக்காது. ரெண்டு இழுப்பு இழுத்து, அது மூஞ்சிக்கு நேரா நிப்பாட்டிரணும். சும்மா நிக்கும் பாத்தியளா, அதத்தான் அதால பொறுக்க முடியாது."

அவன் எறிய, பதினொரு வருஷம் கழி ஊன்றிப் போட்டை அசையாமல் நிறுத்தியவள் செலின். மாசி மாதத்தில் கஸ்பார் ஏலக்கூடத்தில் பேசிக்கொண்டு நின்றவன் நெஞ்சைப் பிடித்தபடி கூடை மேல் சாய்ந்தான், எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் அவன் போட்டு தூணில் இடித்து அடியில் முழங்கை நீளத்துக்கு வெடித்திருந்தது, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தான். செலினுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். வலைத்தொழில் செய்ய இரண்டு ஆள் வேண்டும், பொய்மீன் எறிய, போட்டைத் தூணில் கட்டிக்கொண்டால், ஒரு ஆள் போதும். ஆக இந்த உலகத்தில் அவள் பிழைப்பதற்கு இருந்த ஒரே இடம் அந்த நாலு தூணுக்கு நடுவில் கிடந்த தண்ணீர்தான். அது அவளுக்கும் தெரியும், கஸ்பாரின் தம்பி பெர்க்மான்சுக்கும் தெரியும்.

பெர்க்மான்ஸ் ஐந்தாம் பாட்டுக்குச் சொந்தக்காரன், கஸ்பார் வீட்டுக்குப் பக்கத்துச் சொந்தமும் அவன்தான். விலை கூடிய தூண்டில் கம்புகளைத் தூக்கிக்கொண்டு பொழுதுபோக்குக்குக் கொடுவா பிடிக்க வருகிற பட்டணத்து ஆட்களை அந்தத் தூண்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. அவன் கெட்டவன் மாதிரி ஒன்றுமே செய்யவில்லை. துஷ்டி வீட்டில் பந்தல் போட்டான், அழுதான், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தான். பிறகு போட்டு ஒட்டுகிற பைபர் மேஸ்திரியைக் கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "மைனிக்கு எதுக்கு இனி போட்டு, நீ ஏன் மெனக்கெட்டு அத ஒட்டப் போற" என்று அண்ணன் பெண்டாட்டியைச் சொல்லிக் கேட்டான், அவ்வளவுதான். மேஸ்திரி இன்றைக்கு நாளைக்கு என்று ஐந்து மாதம் சொன்னான். ஊர்க் கமிட்டித் தலைவர் சில்வெஸ்தர், ஆகட்டும் பாப்போம் என்றார். செலின் என்னிடமும் வந்தாள்.

"மாமா, மேஸ்திரிகிட்ட நீரு ஒரு வார்த்த சொல்லும். நீரு சொன்னா வருவான்."

"சொல்லுதேன் மக்களே" என்றேன்.

சொல்லவில்லை. ஈரம் பார்க்கிறவன் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன், அந்த நியாயத்தை இப்போது நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆடி மாதத்தில் செலின் காத்திருப்பதை நிறுத்தினாள். கவிழ்ந்து கிடந்த போட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, கல் மாதிரி ஒட்டியிருந்த கொட்டலசுச் சிப்பியை இரும்புத் தகட்டால் சுரண்டி எடுத்தாள், வெடிப்பைச் சுற்றிப் பெயர்ந்து நின்ற பைபரை அரம் வைத்துத் தேய்த்து நல்ல இடம் வரைக்கும் போனாள், தெருக்குழாயிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து உப்புப் போகக் கழுவினாள், ஒன்பது நாள் வெயிலில் காயவிட்டாள், தூற்றல் விழுந்தபோதெல்லாம் ஓடிவந்து தார்ப்பாய் போட்டு மூடினாள். டவுனுக்குப் போய் ரெசின் டின்னும், அதைக் கெட்டியாக்குகிற மருந்து ஒரு பாட்டிலும், நூல் துணி மாதிரி இருக்கிற பைபர் மேட்டு ஒரு சுருளும் வாங்கி வந்தாள். முதல் நாள் மருந்து கூடிப்போய், வாளியோடு ரெசின் புகைந்து, பிரஷ் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றபடிக்கே இறுகிவிட்டது. மேஸ்திரி அந்த வாளியைத் தூக்கிக் கடைத்தெருவுக்கே காட்டினான்.

"ஏ செலினு, இது போட்டு ஒட்டவா, வாளிக்குக் கைப்பிடி வைக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து அவள் சிரட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தாள். மேட்டைத் துண்டு போட்டு, வெடிப்பின் மேல் வைத்து, பிரஷால் குத்திக் குத்தி ரெசினை ஊட்டி, உருளையால் உருட்டிக் காற்றுக் கொப்புளத்தை வெளியேற்றி, அது இறுகியதும் அதைவிடப் பெரிய துண்டு, அது இறுகியதும் அதைவிடப் பெரிய துண்டு. மீன் விற்கிற எஸ்தாக்கி மட்டும்தான் போகிற வழியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேட்டு வெட்டிக் கொடுத்தாள். ஒவ்வொரு துண்டு ஒட்டும்போதும் செலின் ஒரு பேரைச் சொன்னாளாம், குத்துகிற ஒவ்வொரு குத்துக்கும் அதே பேரைத் திருப்பித் திருப்பிச் சொன்னாளாம். எஸ்தாக்கி முதலில் அவள் புனிதர்கள் பிரார்த்தனை சொல்லுகிறாள் என்று நினைத்து ஒவ்வொரு பேருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லியிருக்கிறாள், பெர்க்மான்ஸ் பேர் வந்த பிறகுதான் வாயை மூடியிருக்கிறாள். முதல் துண்டு மேஸ்திரி, இரண்டாவது பெர்க்மான்ஸ், மூன்றாவது தலைவர் சில்வெஸ்தர், நாலாவது நான். ஐந்தாவது துஷ்டிக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போன ஊர். ஆறாவது துண்டுக்கு அவள் கஸ்பார் பேரைச் சொன்னாள், மூன்று பேரை நட்டாற்றில் விட்டுவிட்டு அவன்பாட்டுக்குச் சாய்ந்துவிட்டதற்காக. ஏழாவதை உதட்டுக்குள் சொன்னாள், எஸ்தாக்கிக்கே கேட்கவில்லை.

புரட்டாசியில் போட்டை இறக்கினார்கள். செலினும், இரண்டு பிள்ளைகளும், எஸ்தாக்கி கூட்டிவந்த மூன்று மீன்காரிகளும் பனந்தடியை உருட்டி உருட்டித் தள்ள, போட்டு மணலைத் தாண்டியது, நுரையைத் தாண்டியது, தண்ணீருக்குள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் ஒரு சாண் உயரத்தில் அப்படியே போய் நின்றது. அதற்குக் கீழே தண்ணீர், மாவில் கையை அழுத்தி எடுத்த மாதிரி, போட்டின் வடிவத்துக்குக் குழிந்து விலகிக் கிடந்தது. எஸ்தாக்கி குனிந்து பார்த்தாள். போட்டுக்கு அடியில் அக்கரைத் தென்னைகள் தெரிந்தன.

"நல்லதுதான்," என்றாள். "இனி கொட்டலசு ஒட்டாது."

ஊர் அந்தப் போட்டைப் பழகிக்கொள்ள எட்டு நாள்கூட ஆகவில்லை. முதலில் கம்பை விட்டுப் பார்த்தார்கள், தினத்தாளைச் செருகி நனையாமல் அந்தப் பக்கம் எடுத்தார்கள், ஒருவன் தலையைக் கீழே நீட்டித் தண்ணீரில் முகம் பார்த்து வகிடு எடுத்துக்கொண்டான். பங்குச் சாமியார் வந்து குடைக் கம்பியால் அளந்து பார்த்துவிட்டு, தண்ணீர் விலகுவது வேதத்தில் புதுசு இல்லை என்று சொல்லி, கல்லறைச் சுவர் பூச்சு வேலையைக் கவனிக்கப் போய்விட்டார். ஐப்பசி மழை பிடித்தபோது மழையும் அந்தப் போட்டுக்கு ஒரு சாண் தள்ளியே விழுந்தது, வலை காயப்போட வந்தவர்கள் தூற்றலுக்கு அதில் ஏறி நின்று பீடி பிடித்தார்கள். ஒரு ஊன்று ஊன்றினால் எண்ணெய் தடவிய பலகைமேல் போகிற மாதிரி அது ஆற்றின் பாதிக்குப் போனதைப் பார்த்த ஆண்கள், என்ன கம்பெனி ரெசின் என்று எஸ்தாக்கியிடம் ரகசியமாக விசாரித்தார்கள். மேஸ்திரி அதே டின்னை வாங்கி நாலு போட்டு ஒட்டினான். நாலும் மற்ற போட்டு மாதிரி நனைந்துகொண்டு கிடந்தன. அவள் வேப்பெண்ணெய் கலந்திருக்கிறாள் என்று சொல்லித் திரிந்தான். எஸ்தாக்கி தன்னுடைய ஓட்டைக் குடத்தைக் கொண்டுபோனாள், செலின் அதையும் ஒட்டிக் கொடுத்தாள், ஆனால் எஸ்தாக்கிமேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லாததால் அது வெறும் குடமாகவே இருந்தது, நன்றாகத் தண்ணீர் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் பெர்க்மான்ஸ் டீக்கடையில் உட்கார்ந்து, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னான்.

"மைனி போட்டு அம்சமா நிக்கி. திருநாளைக்குத் தொம்ம மாமா கைய விடட்டும், பாப்போம்."

யாரும் டீயைக் குடிக்கவில்லை. அதுவரைக்கும் யாருக்கும் அது தோன்றவில்லை, தோன்றிய பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை. ஏரா நனையாத போட்டுக்குப் பாடு கிடையாது. மூன்றாம் பாடு பெர்க்மான்சுக்கு. ஒரு மாதம் ஊர் அதையே பேசியது. கழி நனைகிறதே, அது போட்டில் சேர்த்தியா. நங்கூரம் போட்டால் நங்கூரம் நனையுமே. பொய்மீன் நனைகிறது, தூண்டில் நரம்பு நனைகிறது, நரம்பைப் பிடித்திருக்கிற ஆள் போட்டில் உட்கார்ந்திருக்கிறாள், அப்படியானால் நரம்பு வழியாகப் போட்டுக்கு ஈரம் வந்த கணக்குத்தானே என்று ஒருவன் கேட்டு, எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். கமிட்டி இரண்டு பேரை வாளியோடு அனுப்பியது. அவர்கள் ஊற்றிய தண்ணீர் போட்டைத் தொடுவதற்குள் திரும்பி அவர்கள் வேட்டியை நனைத்தது. ஐந்து மாதம் ஒரு போட்டை ஒட்டிக் கொடுக்க ஆள் வராத ஊரில், அந்தப் போட்டை நனைக்க மட்டும் எத்தனை ஆள் வந்தார்கள் தெரியுமா.

கடைசியில் தலைவர் சில்வெஸ்தர் மூன்று பேரோடு செலின் வீட்டுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து கஸ்பாருடைய கடைசிச் செருப்பைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"மனச ஆத்திக்கம்மா," என்றார் தலைவர். "ஒன் கோவத்துலதான் போட்டு நிக்குன்னு ஊரே சொல்லுது. கோவம் எறங்கிட்டுன்னா போட்டு தானா எறங்கிரும். பாடும் ஒனக்குத்தான். எல்லாம் ஒன் கையிலதாம்மா இருக்கு."

"போட்டு ஒட்ட ஆள் வராதது யாரு கையில இருந்துச்சு?"

"பழசப் பேசாத."

"சரி, புதுசு பேசுவோம். மன்னிப்புக் கேக்கதுக்கு இதுல யாரு வந்திருக்கிய?"

அதற்காக யாரும் வரவில்லை.

"அப்போ கோவம் என்கிட்ட இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைச் சீவினாள்.

திருநாள் வந்தது. பூசை முடிந்தது. ஆறு செம்மண் கலங்கி ஓட, பதினாலு போட்டும் வரிசையாக நின்றன, மூன்றாவது மட்டும் ஒரு சாண் உயரத்தில், அதன் முனையில் செலின் கழியோடு நின்றாள். கரை நிறைய ஜனம். நான் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். முதல் போட்டு ஈரம். இரண்டாவது ஈரம். மூன்றாவதற்கு வரும் முன்னால் நனைந்த கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டேன், ஒவ்வொரு போட்டுக்கும் துடைப்பதுதான் வழக்கம். கையைக் காற்றுக்குள் விட்டேன். ஏரா கருப்பட்டி மாதிரி உலர்ந்து, வெயில் குடித்த சூட்டோடு இருந்தது. அவள் வைத்த துண்டுகளின் விளிம்பு ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட்டது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவதில் என் விரல் நின்றது. கையை வெளியே எடுத்து, உயர்த்தி, "ஈரம்" என்று சொன்னேன்.

கரையில் யாரோ சிரித்தார்கள், பிறகு அதுவும் நின்றது.

செலின் குனிந்து பார்த்தாள். "மாமா, கையக் காட்டும்."

காட்டினேன்.

"காஞ்ச கைய வச்சுக்கிட்டு ஈரம்னு சொல்லுதீரு."

"ஒனக்காகத்தாம்மா."

"எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். பொய்யாக் குடுத்தா அடுத்த வருசம் பொய்யாவே எடுத்துருவிய. காஞ்சிருக்குன்னு சொல்லும். காஞ்சிருக்கு, இருந்தாலும் பாடு இவளுக்குத்தான்னு இவியளச் சொல்லச் சொல்லும்."

நான் தலையைக் குனிந்துகொண்டு, "காஞ்சிருக்கு" என்றேன்.

ஐந்தாவது போட்டிலிருந்து பெர்க்மான்ஸ், வருத்தப்படுகிறவன் குரலில், "சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா மைனி" என்றான்.

டிசம்பர் மாதத்துத் தண்ணீரில் மார்பளவு நின்ற எனக்கு அப்போது வேர்த்தது. உடம்பெல்லாம் எரிந்தது. அவன்மேல் வந்த கோபமா என்மேல் வந்த கோபமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"சட்டம் பேசுதியோ," என்றேன். "ஏழு வருசத்துக்கு முன்ன ஒன் போட்டு எங்கலே நின்னுச்சு?"

அவன் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தான்.

"நான் சொல்லுதேன். கரையில முட்டுக்கட்ட மேல நின்னுச்சு. இஞ்சின வித்துட்டு நீ ரெண்டு வருசம் தொழிலுக்கே போவல. ரெண்டு திருநாளைக்கும் ஒரு வாளித் தண்ணிய அடியில வீசினாவ, நான் தடவிப் பாத்து ஈரம்னு சொன்னேன். இந்தக் கர பூரா நின்னு பாத்துச்சு. ஒருத்தன் ஒரு வார்த்த கேக்கல."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அது எரக்கப்பட்டுச் செஞ்சதுல்லா தொம்ம."

"ஆமா. எரக்கப்படச் சொல்லி என் வீட்டுக்கு வந்து நின்னது யாரு தெரியுமா? கஸ்பாரு. தம்பி பொழச்சுப் போட்டும் மாமான்னு என் கையப் பிடிச்சான். அந்த வாளித் தண்ணிய வீசினதும் அவன்தான். சட்டப்படி பாத்தா அஞ்சாம் பாடு அன்னைக்கே பக்கத்துச் சொந்தம் கஸ்பாருக்குப் போயிருக்கணும். அப்போ இன்னைக்கு அது செலினுக்குள்ளது. வாங்க, சட்டம் பேசுவோம். மொதல்ல எந்தப் பாட்டுலேர்ந்து பேசுவோம்?"

எஸ்தாக்கி கரையிலிருந்து, "பேசு பெர்க்மான்சு, வாயி காஞ்சிட்டோ" என்றாள். இந்த முறை சிரிப்பு நிற்கவில்லை, பெண்கள் பக்கமிருந்து அது போய்க்கொண்டே இருந்தது.

பெர்க்மான்ஸ் தலைவரைப் பார்த்தான், தலைவர் கோயில் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

"மைனி போட்டு ஈரந்தான்."

"இல்ல," என்றாள் செலின். "எறங்கி வா. குனிஞ்சு பாரு. என் போட்டுக்கடியில என்ன தெரியுது?"

அவன் இறங்கினான். தண்ணீரில் நடந்து வந்து, எல்லோரும் பார்க்க, முகம் தண்ணீரில் படுகிற வரைக்கும் குனிந்தான்.

"அக்கர தெரியுது."

"அப்போ அதச் சொல்லு."

"காஞ்சிருக்கு."

"அப்புறம்?"

அவன் ரொம்ப நேரம் நின்றான். அவள் அவசரப்படுத்தவில்லை. கழியை ஊன்றிக்கொண்டு, கஸ்பாருக்காக அந்தப் போட்டை எத்தனையோ மணி நேரம் அசையாமல் நிறுத்திய மாதிரியே, அவன் முகத்துக்கு நேராகச் சும்மா நின்றாள். அதை அவனால் பொறுக்க முடியவில்லை.

"காஞ்சிருந்தாலும் மூணாம் பாடு மைனிக்குத்தான்," என்று கத்தினான். "எடுத்துக்க. எடுத்துக்கிட்டுப் போ."

"எடுத்துக்க இல்ல. என்னுது," என்று சொல்லிவிட்டு அவள் கழியை ஒரு ஊன்று ஊன்றினாள். போட்டு வரிசையை விட்டு விலகி, நேராகத் தூண்களைப் பார்த்துப் போனது.

பாடு கிடைத்துவிட்டது, இனி கோபம் ஆறிப் போட்டு இறங்கிவிடும் என்று ஊர் காத்திருந்தது. தை முழுக்க, மாசி முழுக்க, காலையில் பல் விளக்குகிறவர்கள் எல்லாம் கரைக்கு வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கரைத் தென்னை தெரிந்துகொண்டேதான் இருந்தது. பங்குனியில் தலைவர், "அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டேம்மா" என்று கேட்டுப் பார்த்தார். "எனக்குள்ளத எனக்குத் தந்ததுக்கு நான் எதுக்குக் குளிரணும்" என்று அவள் திருப்பிக் கேட்டாள், அவர் பிறகு கேட்கவில்லை. அடுத்த திருநாளிலிருந்து நான் ஏராவைத் தடவுவதில்லை. ஆளின் உள்ளங்கையைத் தடவிப் பார்க்கிறேன், நரம்பு அறுத்த தழும்பும் கழி பிடித்த காய்ப்பும் இருந்தால் பாடு உண்டு என்று சொல்லுகிறேன். பெர்க்மான்ஸ் கையை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

சித்திரையில் ஒரு சாயங்காலம், தண்ணீர் இறங்குகிற நேரத்தில், நான் செலின் போட்டில் போனேன். அவள் நீலச் செருப்பை இரண்டாம் தூணுக்குப் பின்னால் எறிந்து, இரண்டு இழுப்பு இழுத்து நிறுத்தினாள். நான் கீழே பார்த்தேன், எனக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் காற்று இருந்தது.

"செலினு," என்றேன். "நாலாவது துண்டுல என் பேரு இருக்காம். எஸ்தாக்கி சொன்னா. அத மட்டும் எடுத்துரேன். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் நரம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் கடுமை இல்லை.

"கேட்டுட்டீருல்லா மாமா, சரி. பேரு இருக்கட்டும்."

"எதுக்கும்மா?"

"எடுத்தா ஒழுகும்."

செருப்பு தண்ணீர்மேல் சும்மா நின்றது. தூணுக்குப் பின்னால் ஆறு வெடித்தது.